கிணற்றுக்கட்டில் உலகம் சுற்றிய நாள்

எங்கள் விளையாட்டுக்கு நாங்கள் வைத்த பெயர் 'உலகம் சுத்துறது'. விளையாட ஒரு கிணறு வேண்டும், இரண்டு பேர் வேண்டும், பெரியவர்கள் ஒருவரும் பக்கத்தில் இருக்கக்கூடாது. அவ்வளவுதான்.

யுத்தம் முடிந்து இரண்டாவது வருடம் அது. யாழ்ப்பாண ரவுணில், ஒருகாலத்தில் ரயில் ஓடிய பாதைக்குப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் அம்மாவும் நானும் வாடகைக்கு இருந்தோம். எனக்குப் பத்து வயது. அப்பா சுவிஸில், ஆராவில், ஒரு ரெஸ்ரோறன்ற் குசினியில் வேலை செய்துகொண்டிருந்தார். நான் கைக்குழந்தையாக இருந்தபோது போனவர். அவர் முகத்தைவிட அவர் குரல்தான் எனக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் ஒழுங்கையில் ஆட்கள் இருந்த வீடுகளைவிட இல்லாத வீடுகள்தான் கூட. கூரை இல்லை, கதவு இல்லை, யன்னல் நிலைகளைக்கூட யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். சுவர்களில் துப்பாக்கிச் சன்னம் பட்ட ஓட்டைகள். குசினி இருந்த இடத்தில் பப்பாசி மரம் நிற்கும். அந்த வீட்டுக்காரர்கள் எங்கே போனார்கள் என்று ஒருநாளும் நாங்கள் யோசித்ததில்லை. எங்களுக்கு அவை விளையாட்டுத் திடல்கள். மேல்மாடி இல்லாத படிக்கட்டில் கடைசிப் படிவரை ஏறி, கீழே குவிந்து கிடந்த மண்ணில் குதிப்போம். மதிலின் மேல் கையை விரித்துக்கொண்டு நடப்போம். முழங்கால் கிழியும். வீட்டுக்குப் போகுமுன் எச்சில் தொட்டுத் துடைத்துவிடுவோம்.

'நாங்கள்' என்றால் நானும் அவளும், இரண்டு பெண்பிள்ளைகள். இரண்டு வீடு தள்ளி இருந்தாள். என் வகுப்பு, என் வயது. அவளுடைய அம்மா வீட்டில் தையல் மெசின் வைத்துச் சட்டை தைப்பவர். அவளுடைய அப்பா கடைசிச் சண்டை நேரத்தில் காணாமல் போனவர். இறந்தார் என்று யாரும் சொல்லவில்லை, இருக்கிறார் என்றும் யாரும் சொல்லவில்லை. அந்த வீட்டில் அவருடைய சேட் ஒன்று எப்போதும் தோய்த்து மடித்து வைக்கப்பட்டிருக்கும்.

ஒழுங்கை முடிகிற இடத்தில் ஒரு மாடிவீடு. இராணுவம் நெடுநாள் இருந்துவிட்டுச் சில மாதங்களுக்கு முன்தான் போயிருந்தது. வாசலில் மண்டையோடு கீறிய சிவப்புப் பலகை ஒன்று முன்பு நின்றது. பலகையைக் கழற்றிவிட்டார்கள். மிதிவெடியெல்லாம் எடுத்தாயிற்று என்று சிலர் சொன்னார்கள், இன்னும் இருக்கிறது என்று வேறு சிலர் சொன்னார்கள். "அந்தப் பக்கம் கால் வைச்சால் காலை முறிப்பன்" என்று அம்மா சொல்லியிருந்தார். அதனால்தான் நாங்கள் அங்கே போனோம்.

அந்த வீட்டுக்குப் பின்னால்தான் கிணறு. பெரிய வட்டக் கிணறு. சுற்றிவர இடுப்பளவு உயரத்தில் கட்டு, கட்டின் மேல் ஒரு பிள்ளை தாராளமாக நடக்கக்கூடிய அகலம். ஷெல் விழுந்து ஓரிடத்தில் கட்டு உடைந்து போயிருந்தது. அந்த இடைவெளி எங்கள் காலுக்கு ஒரு நல்ல பாய்ச்சல். உள்ளே கல்லும் தகரமும் பழைய ரயரும் கொட்டிக் கிடந்தன. அவற்றுக்கு நடுவே கறுப்பாகத் தண்ணீர்.

விளையாட்டு இதுதான். கட்டில் ஏறி நின்று, ஒவ்வொரு அடிக்கும் ஒரு நாட்டின் பெயர் சொல்லிக்கொண்டு சுற்றி வரவேண்டும். உடைந்த இடத்துக்கு வந்ததும், போக விரும்பும் நாட்டின் பெயரைக் கத்திச் சொல்லிவிட்டுப் பாயவேண்டும். எனக்குப் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. மாமா கனடா, சித்தி பிரான்ஸ், பெரியப்பா ஜேர்மனி. பாயும்போது நான் எப்போதும் "சுவிஸ்!" என்பேன். அவளுக்குச் சொந்தக்காரர் இருந்த நாடு ஒன்றுமில்லை. பள்ளிக்கூட அட்லஸைப் பார்த்துப் பாடமாக்கிக்கொண்டு வருவாள். பெரு, மடகஸ்கார், பின்லாந்து. ஒவ்வொரு நாளும் வேறு வேறு ஊருக்குப் பாய்வாள்.

அன்றைக்கு ஒரு சனிக்கிழமை. ரியூசன் முடிந்து இரண்டு மணிபோல் வந்தோம். நான் முதலில் சுற்றிப் பாய்ந்துவிட்டு இறங்கினேன். அவள் ஏறினாள். உடைந்த இடத்துக்கு வந்து, கொஞ்ச நேரம் நின்று, "சுவிஸ்!" என்று கத்திக்கொண்டு பாய்ந்தாள். அழகாகப் பாய்ந்தாள். அந்தப் பக்கம் இரண்டு காலும் ஒன்றாகப் பதிந்தன. திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"அது என்ரை. நீ சொல்லக்கூடாது" என்றேன்.

"ஏன், நானும் வாறன்."

"உங்களுக்கு அங்கை ஆர் இருக்கினம்? அது செல்லாது. திரும்பப் பாய். வேறை நாடு சொல்லிப் பாய்."

அவள் சிரிப்பு நின்றது. திரும்பினாள். பெயர் எதுவும் சொல்லாமலே பாய்ந்தாள். கால் பட்ட இடத்தில் கட்டு பெயர்ந்து போனது. கல் விழுந்த சத்தம் முதலில் கேட்டது, பிறகு தகரத்தின் சத்தம், பிறகு தண்ணீர்.

நான் எட்டிப் பார்க்கவில்லை. இதை நான் நன்றாக நினைவு வைத்திருக்கிறேன். கிணற்றிலிருந்து மூன்று நான்கு அடி தள்ளி நின்றேன். உள்ளேயிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். ஒருமுறை, பிறகு இன்னொருமுறை. உயிரோடு இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் ஓடினேன்.

அந்த மாதங்களில் அம்மா நாளுக்குப் பத்துத்தரம் சொல்லிக்கொண்டிருந்த ஒரு வசனம் உண்டு. "இந்த நேரத்திலை ஒரு பிரச்சினையும் வரக்கூடாது." அப்பா எங்களைக் கூப்பிடுவதற்கான கடுதாசிகள் கொழும்பில் தூதரகத்தில் இருந்தன. பொலிஸ், ஆஸ்பத்திரி, ஆமி, யாருடைய வாயிலும் எங்கள் பெயர் வரக்கூடாது. வந்தால் விசா நின்றுவிடும். அப்படித்தான் நான் விளங்கி வைத்திருந்தேன். அம்மா அந்த அர்த்தத்தில் சொன்னாரோ தெரியாது. நான் பின்பக்கத்தால் வீட்டுக்குள் போய், புலமைப்பரிசில் வினாத்தாள் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு இருந்தேன். அம்மா குசினிக்குள் இருந்து, "வந்திட்டியோ?" என்று கேட்டார். "ஓம்" என்றேன்.

ஐந்து மணிபோல் அவளுடைய அம்மா வாசலில் வந்து நின்றார். கையில் நூல் துண்டுகள் ஒட்டியிருந்தன.

"பிள்ளை, என்ரை பிள்ளையைக் கண்டனியோ?"

"காணேல்லை ஆன்ரி."

"உன்னோடை வரேல்லையோ?"

"இல்லை. ரியூசன் முடிய நான் நேரை வீட்டை வந்திட்டன்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கணவனைத் தேடி முகாம் முகாமாக அலைந்த மனிசி. யாரிடம் கேட்டாலும் 'காணேல்லை' என்ற சொல்லைத்தான் வாங்கி வந்தவர். அதே சொல்லைப் பத்து வயதில் நானும் அவர் கையில் கொடுத்தேன். அவர் போனபிறகு அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு தேடப் போனார். நான் புத்தகத்தோடு இருந்தேன். ஒழுங்கையில் ஆட்கள் அவளுடைய பெயரைக் கூப்பிடுவது கேட்டுக்கொண்டிருந்தது.

கண்டுபிடித்தது விறகு பொறுக்க வந்த ஒரு வயதான மனிதர். பொழுது படப்போகிற நேரம், மாடிவீட்டு வளவுக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு போயிருக்கிறார். பிறகு ஒழுங்கையில் கூடி நின்றவர்களிடம் அவர் சொன்னதை நான் எங்கள் வாசலில் நின்று கேட்டேன். "கதைச்சுக் கேட்டுது. ரெண்டு பிள்ளையள் இருந்து கதைக்கிற மாதிரி. அதுதான் போய் எட்டிப் பாத்தனான்." கயிறும் கதிரையும் கட்டி இறக்கி அவளைத் தூக்கினார்கள். நெற்றியில் வெட்டு, இடது முழங்கை உடைவு. மூன்று மணித்தியாலத்துக்கு மேல் மார்பளவு தண்ணீரில் நின்றிருக்கிறாள். பயத்தில் தனக்குத்தானே கதைத்திருக்கிறாள் என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

அவள் யாரிடமும் என்னைச் சொல்லவில்லை. தனியாகப் போனேன், பப்பாசிப்பழம் பிடுங்கப் போய் விழுந்தேன் என்றுதான் சொன்னாளாம். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்த அம்மா, "நல்ல காலம் நீ போகேல்லை" என்று என் தலையைத் தடவினார். அந்தக் கையை என்னால் தாங்க முடியவில்லை.

இரண்டு மாதத்தில் விசா வந்தது. கொழும்புக்கு வான் வெளிக்கிட்ட காலையில் அவள் ஒழுங்கை வாசலில், கழுத்தில் துணி கட்டித் தொங்கவிட்ட கையோடு நின்று, மற்றக் கையைக் காட்டினாள். நான் முன்னுக்குப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

ஆராவில் எனக்கு எல்லாம் கிடைத்தது. அப்பா கிடைத்தார், பள்ளிக்கூடம், பாஷை, பெர்மிட், பிறகு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்கான படிப்பும் கிடைத்தது. ஆனால் அந்தக் கூப்பிட்ட குரல் என்னோடு வந்துவிட்டது. கனவில் வருவதில்லை. கனவில் வந்திருந்தால் முழித்துத் தப்பியிருக்கலாம். பட்டப்பகலில்தான் வரும். நிலத்தடியில் கார் நிறுத்தும் இடங்களில், மாடிப்படிகளின் அடியில், பள்ளமான எந்த இடத்திலிருந்து யார் யாரைக் கூப்பிட்டாலும் அது என் பெயராகக் கேட்கும்.

வெயில் காலத்தில் இங்குள்ள பிள்ளைகள் பாலத்திலிருந்து ஆரே ஆற்றுக்குள் குதிப்பார்கள். பள்ளிக்கூட நாட்களில் என் வகுப்புக்காரரும் குதித்தார்கள். பெற்றோர் கரையில் துவாய் விரித்துப் படுத்திருப்பார்கள். நான் குதித்ததில்லை. ஒவ்வொரு தலையும் தண்ணீருக்கு மேலே வரும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன். கடைசித் தலை வந்தபிறகும் இன்னும் ஒன்று வரவேண்டும் என்று தோன்றும். "நீயும் வாவன்" என்று கூப்பிடுவார்கள். எனக்கு நீந்தத் தெரியாது என்று சொல்லிவிடுவேன். அதுவும் பொய்.

வேலையிடத்தில் மறதி நோய் வந்த ஒரு அம்மா இருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தன் அறையிலிருந்து, "இஷ் ஓப்பர் டோ?" என்று கூப்பிடுவார். யாராவது இருக்கிறீர்களோ என்று அர்த்தம். போய் நின்றால் ஒன்றும் கேட்கமாட்டார். யாரோ இருக்கிறார்கள் என்று தெரிந்தால் போதும். ஐந்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிடுவார். மற்றவர்கள் அலுத்துப்போய் விட்டுவிடுவார்கள். நான் ஒவ்வொரு முறையும் ஓடிப்போவேன். உனக்கு நல்ல மனசு என்று கூட வேலை செய்பவர்கள் சொன்னார்கள். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன வருடம், ஆராவுக்குக் கிட்ட உள்ள திரிம்பாக் கோயில் திருவிழாவில், அன்னதானத்துக்கு நின்ற வரிசையில், எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் இடது கை சரியாக நீளவில்லை. சாப்பாட்டுத் தட்டை உடம்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். நெற்றியில் பொட்டுக்கு மேலே ஒரு வெள்ளைக் கோடு. அவள் திரும்பினாள். என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, தட்டைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்து, என்னை இறுக்கிக் கட்டிப்பிடித்தாள்.

"எடியே, உன்னை எவ்வளவு காலம் தேடினனான் தெரியுமோ?"

கலியாணம் செய்து, சுவிஸின் பிரெஞ்சுப் பக்கத்திலுள்ள நொஷாட்டலுக்கு வந்து மூன்று வருடமாம். தட்டை வாங்கிக்கொண்டு நின்றவர் அவளுடைய கணவர். இரண்டு வயது மகள் அவர் தோளில் இருந்து பிரெஞ்சில் எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் பிள்ளையோடு தேர் பார்க்கப் போனபிறகு நாங்கள் மண்டபத்துக்கு வெளியே, செருப்புகள் குவிந்து கிடந்த பக்கமாக ஒரு படியில் இருந்தோம். அவள் தன் கணவரிடம் என்னைப்பற்றி ஏற்கெனவே எல்லாம் சொல்லியிருந்தாள் என்று அப்போதுதான் விளங்கியது. அவர் போகும்போது, "நீங்கள்தானே இவவைக் கிணத்தடியிலை இருந்து பாத்துக்கொண்டனீங்கள்? பெரிய உதவி" என்று சொல்லி என் கையைப் பிடித்திருந்தார். பகிடி பண்ணுகிறார் என்று நினைத்தேன்.

பதினாலு வருடமாக உள்ளே வைத்திருந்ததை நான் ஒரே மூச்சில் சொன்னேன். "நான் ஓடினனான். எட்டிக்கூடப் பாக்கேல்லை. உன்ரை அம்மா வந்து கேக்கேக்கை காணேல்லை எண்டு சொன்னனான். என்னை மன்னிச்சுக்கொள்."

அவள் என்னைப் புதினமாகப் பார்த்தாள். "என்ன விசர்க்கதை கதைக்கிறாய்? நீ அங்கைதானே இருந்தனி."

"இல்லை."

"நீ முதல் ஓடினனிதான். பிறகு வந்திட்டாய். நான் அழ அழ நீ மேலை இருந்து கதைச்சுக்கொண்டே இருந்தனி. தண்ணியைப் பாக்காதை, மேலை பார் எண்டு சொன்னனி. கண்ணை மூடினா நித்திரை வந்திடும், மூடாதை எண்டனி. உன்ரை பேரை ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது, விசா நிண்டுபோம் எண்டும் நீதானே சொன்னனி? அதுதான் நான் இண்டுவரைக்கும் இவரைத் தவிர ஒருத்தருக்கும், அம்மாவுக்குக்கூடச் சொல்லேல்லை. பிறகு ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறன் எண்டு போனாய். விறகுக்கார அய்யா வந்தார். நீ அனுப்பினபடியால்தானே வந்தவர்?"

"நான் ஒருத்தரையும் அனுப்பேல்லை. நான் வீட்டை இருந்தனான். உண்மையா." அவள் நம்பாமல் தலையை ஆட்டினாள்.

"முகத்தைக் கண்டனியோ?" என்று நான் கேட்டேன்.

"வெளிச்சம் கண்ணிலை அடிச்சுது. தலை மட்டும் கறுப்பாத் தெரிஞ்சுது. எட்டி எட்டிப் பாத்தனி."

அதற்குமேல் எங்களால் கதைக்க முடியவில்லை. தேர் சுற்றி முடித்து இருப்புக்கு வந்துவிட்டது, சனம் எழும்பியது, அவளுடைய மகள் ஓடிவந்து மடியில் விழுந்தாள். போன் நம்பர் மாற்றிக்கொண்டு பிரிந்தோம்.

நான்கு நாள் கழித்து அவள் எனக்குப் போன் எடுத்தாள். குரல் மாறியிருந்தது. "நீ சொன்னதை யோசிச்சுக்கொண்டே இருக்கிறன். நீ இல்லையெண்டா நான் அவ்வளவு நேரமும் ஆரோடை கதைச்சனான்?" பயத்தில் நீயாகவே கதைத்திருப்பாய் என்று சொல்லலாம். வேலையிடத்தில் படித்த அறிவை வைத்து, மனம் தன்னைக் காப்பாற்ற அப்படிச் செய்யும் என்றும் சொல்லலாம். ஆனால் அந்த விறகுக்காரர் இரண்டு குரல் கேட்டதாகச் சொன்னதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். அதை அவளுக்குச் சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை.

"இனிமேல் அப்பிடிச் சொல்லாதை" என்றாள் கடைசியில். "நீ இருந்தனி எண்டே இருக்கட்டும். எனக்கு அது வேணும். அப்பாவும் எங்கையோ ஒரு குழிக்குள்ளை தனிய நிண்டிருப்பார், ஆரும் ஒருத்தர் மேலை இருந்து கதைச்சிருப்பார் எண்டு நினைச்சுத்தான் நான் வளந்தனான்."

நான் "ஓம்" என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பாரமான ஒரு 'ஓம்' நான் சொன்னதில்லை. மன்னிப்புக் கேட்டவள் மன்னிப்புக் கிடைக்காமலே நன்றியை வாங்கிக்கொண்டு நிற்கவேண்டியதாயிற்று. நான் செய்யாத ஒன்றுக்கான நன்றி. அதை நான் வைத்திருக்க வேண்டும், திருப்பிக் கொடுக்கக்கூடாது.

மார்கழியில் எனக்கு இரண்டு நாள் லீவு கிடைத்தபோது ரயில் எடுத்து நொஷாட்டலுக்குப் போனேன். ஏரி முழுக்கப் பனிப்புகார் மூடியிருந்தது. அவள் தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு, குசினி மேசைக்கு எதிரே இருந்து உளுந்து வடைக்கு வெங்காயம் வெட்டினாள். நீளாத கையை வைத்துக்கொண்டு எப்படி அவ்வளவு வேகமாக வெட்டுகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் கீழே நிலத்தில் இருந்து கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்டைக்கு நீ கதைச்சதிலை பாதி எனக்கு மறந்துபோச்சு" என்றாள் அவள், கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆனா அந்தப் பாட்டு மறக்கேல்லை."

"என்ன பாட்டு?"

"நான் நடுங்கத் தொடங்கினாப் பிறகு நீ பாடினியே. இவளுக்கு நான் அதைத்தான் பாடி நித்திரையாக்கிறனான்." மெல்ல முணுமுணுத்துக் காட்டினாள். சொற்கள் இல்லை, வெறும் மெட்டு. இரண்டாவது அடிக்கு வரும்போது, கட்டை அடுக்கிக்கொண்டிருந்த பிள்ளையும் தலையை நிமிர்த்தாமலே அவளோடு சேர்ந்து பாடத் தொடங்கியது.

நான் கோப்பையை மேசையில் வைத்தேன். அந்த மெட்டை அதற்கு முன்பு நான் எங்கேயும் கேட்டதில்லை. "திரும்பப் பாடு" என்றேன். அவள் பாடினாள். நானும் சேர்ந்து பாடப் பார்த்தேன். எனக்கு வரவில்லை. அவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "நீயே மறந்திட்டாய் பாத்தியா" என்று சொல்லி, முதல் அடியிலிருந்து எனக்குச் சொல்லித்தரத் தொடங்கினாள்.